சுடுகிறதா என்று கேட்டுவிட்டு வை

சென்ற வாரம் தி. நகரில் ஒரு நோயாளியைப் பார்த்தேன். அத்தனை ஆரோக்கியமான நோயாளியை நான் இதற்குமுன் பார்த்ததில்லை.

பதினெட்டு வயது இருக்கலாம். தலை நிறையக் கனகாம்பரத்தோடு மர பெஞ்சில் மல்லாந்து படுத்திருந்தாள். "பேஷன்டைத் திருப்பிப் போடு" என்று உத்தரவு வந்தது. வெள்ளைப் புடவை கட்டிய இரண்டு பெண்கள் அவள் தோளில் கை வைத்தார்கள். வைத்ததுதான் தாமதம் — நோயாளி தானாகவே புரண்டு படுத்தாள். "உட்கார வை." எழுந்து உட்கார்ந்தாள். "டெம்பரேச்சர் பார்." தெர்மாமீட்டரை வாங்கி அவளே கக்கத்தில் சொருகிக்கொண்டாள். அப்புறம் இறங்கிப் போய், பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, திரும்பி வந்து மறுபடியும் நோயாளியானாள்.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம், அதே நேரத்தில் என் அக்காவின் கணவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவருடைய வலது காலை வைத்துக்கொள்ள முடியுமா, எடுத்துவிட வேண்டுமா என்று சர்ஜன் இன்னும் சொல்லவில்லை. அந்தக் காலை அந்த நிலைக்குக் கொண்டுவந்த பெண், இதே பெஞ்சைச் சுற்றி நின்று படித்தவள். சர்டிபிகேட் வாங்கியவள்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

அத்திம்பேர் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் சொந்த வீடு. ஒரே பையன் துர்க்காபூரில் இரும்பு ஆலையில் இருக்கிறான். அத்திம்பேருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம், நடப்பது. சாயங்காலம் ஆனால் காலில் செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார். கூட வருகிறவர் மூச்சு வாங்கினால் அவருக்கு ஏக சந்தோஷம். "நீ பேப்பர்ல எழுதற ஆளு, உட்கார்ந்தே இருக்கே, உனக்கெல்லாம் காலே தண்டம்டா" என்பார் என்னைப் பார்த்து. சர்க்கரை வியாதி வந்த பிறகு டாக்டரே நடக்கச் சொன்னார். கெட்ட பழக்கம் வைத்தியமாகவும் ஆகிவிட்டது. அவரைக் கையில் பிடிக்க முடியாது.

தீபாவளி கழிந்து ஒரு காலையில் காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. புத்தி மட்டும் அப்படியே இருந்தது. எது கேட்டாலும் தலையை ஆட்டி ஆமாம், இல்லை என்று திட்டமாகச் சொல்வார். ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சாயங்காலங்களில் வீட்டுக்கு வந்தார். இளைஞர், கெட்டிக்காரர். சில வாரங்களில் அத்திம்பேரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்துவிட்டார். முதல்முறை நின்றபோது நானும் இருந்தேன். இடது கை கம்பியைப் பிடித்திருந்தது. வலது கால் தரையில் சும்மா ஒட்டிக்கொண்டு நின்றது. அத்திம்பேர் என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார் — 'எழுந்திருடா, கிளம்பலாம்' என்கிற மாதிரி.

"பொங்கலுக்குள்ள வாசல் வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போயிடுவேன் மாமி" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

அக்கா சமையலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

ஆனால் மற்ற வேலைகள்? ஆறடி மனிதரைத் திருப்ப வேண்டும், துடைக்க வேண்டும், பெட்பேன் வைக்க வேண்டும். அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. துர்க்காபூரிலிருந்து பையன் டிரங்க் கால் போட்டுக் கத்தினான். "சும்மா ஆயா எல்லாம் வேண்டாம்மா. ட்ரெயின்டு ஆளாப் போடு!"

ட்ரெயின்டு. இந்தச் சொல்லை அதற்கப்புறம் அந்த வீட்டில் எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை.

ட்ரெயின்டு ஆள் வந்தாள். பெயர் ஸ்டெல்லா. பட்டினப்பாக்கத்துப் பெண். அப்பா கட்டுமரத்தில் போகிறவர், அம்மா சாந்தோமில் மீன் விற்கிறவள். வெள்ளைப் புடவை, வெள்ளை ரவிக்கை, காலில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட சர்டிபிகேட். வழவழவென்று கெட்டித் தாள், சுற்றிலும் தங்கக் கரை, நடுவில் ஒரு குத்துவிளக்கு, கீழே ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப். 'நோயாளிப் பராமரிப்பில் முதல் வகுப்பில் தேர்ச்சி.'

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் ரேடியோ மேல் சாய்த்து வைத்தாள், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று.

"உங்காத்துல மீனெல்லாம்... வரச்சே குளிச்சுட்டு வரணும், தெரியறதா?" என்றாள் தயங்கித் தயங்கி.

"குளிச்சி, பவுடரும் போட்டுக்கினு வரேன் மாமி. மீனு எங்கம்மா கூடையிலதான் கீது, என் கையில இல்ல."

அக்காவுக்குக் கோபம் வருவதா, சிரிப்பு வருவதா என்று தெரியவில்லை. அத்திம்பேருக்குத் தெரிந்தது. கட்டிலில் பாதி வாயால் சிரித்தார்.

அவளுக்கு அவர் 'நைனா' ஆகிவிட்டார்.

"அதென்னடி நைனா?" என்றாள் அக்கா.

"எங்கப்பாவ அப்டித்தான் கூப்புடுவேன் மாமி. ஐயான்னு கூப்ட்டா இவரு மூஞ்சத் திருப்பிக்கிறாரு. நைனான்னா திரும்பிப் பாக்கறாரு. நான் இன்னா பண்ண?"

அவள் ஊட்டினால்தான் சாப்பிட்டார். "இன்னா நைனா, இந்த வாயி யாருக்கு? கவர்னருக்கா அனுப்பப் போறே? நீதான் துன்னணும்" என்பாள். ஒரு சோம்பல் கிடையாது, ஒரு முகச்சுளிப்புக் கிடையாது. இதையும் சொல்லிவிட வேண்டும். நான் எழுதுவது அந்தப் பெண்ணின் மேல் உள்ள கோபத்தில் அல்ல.

மார்கழியில் ஒரு மத்தியானம். அக்கா அத்திம்பேரின் போர்வையைச் சரி செய்யும்போது வலது பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

"ஸ்டெல்லா, கால் ஐஸ் மாதிரி இருக்கு. ஹாட் வாட்டர் பேக் வையேன்."

சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். பல நாளுக்குப் பிறகு நிம்மதியான தூக்கம். அருகில்தான் ட்ரெயின்டு ஆள் இருக்கிறாளே!

ஸ்டெல்லா வெந்நீர் போட்டாள். ரப்பர் பையில் ஊற்றினாள். துண்டு சுற்றினாள். பாதத்தில் வைத்தாள். "சுடுதா நைனா?" என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். துண்டை எடுத்துவிட்டு வைத்தாள். "இப்போ?" இல்லை. பையிலிருந்ததைக் கொட்டிவிட்டு, கொதிக்கிற தண்ணீராகவே ஊற்றிக்கொண்டு வந்தாள். "இப்போ சுடுதா?" இல்லை. சரி, இதமாக இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, பை நழுவாமல் இருக்க அதே துண்டால் காலோடு சேர்த்துக் கட்டினாள். அவர் தூங்கிவிட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சுடவில்லை. பக்கவாதம் அந்தக் காலின் அசைவை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை, உணர்ச்சியையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

சாயங்காலம் பிசியோதெரபிஸ்ட் வந்தார். "இன்னிக்கு ஜன்னல்லேர்ந்து ரெண்டு அடி நகர்ந்து பார்த்துடலாமா சார்?" என்று உற்சாகமாகப் போர்வையை விலக்கினார். காலோடு கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

குதிகாலிலிருந்து கணுக்கால் வரை தோல் பலூன் மாதிரி எழும்பியிருந்தது.

அக்கா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். எனக்கு போன் வந்தது. ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் ஓடினேன். நான் போனபோது ஸ்டெல்லா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். அழுதுகொண்டே ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"கேட்டுக்கினுதான் மாமி வெச்சேன். சுடுதான்னு கேட்டுக்கினுதான் வெச்சேன்..."

"கேட்டுண்டு வச்சாளாம்! கொள்ளிக்கட்டையை வச்சுட்டு, கேட்டுண்டு வச்சேங்கறாளே பாவி!"

"அப்டித்தான் மாமி சொல்லிக் குடுத்தாங்க. பேஷன்ட்டு போதும்னு சொல்ற வரிக்கும் சூடு ஏத்தணும்னு. போதும்னு சொன்னா நிறுத்திடணும். அதான் பாடம்."

பிசியோதெரபிஸ்ட் மெதுவாகச் சொன்னார். "அந்தக் கால்ல உணர்ச்சியே கிடையாதும்மா. நெருப்பு வச்சாலும் அவருக்குத் தெரியாது."

ஸ்டெல்லாவின் அழுகை நின்றது. எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தாள்.

"அத்த ஏன் என்கிட்ட ஒருத்தரும் சொல்லல?"

டாக்டர் சொல்லவில்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லவில்லை. அக்காவுக்கே தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்த இரண்டு பேரும் ஏன் சொல்லவில்லை? வந்திருப்பவள்தான் ட்ரெயின்டு ஆயிற்றே... அவளுக்குத் தெரியாமலா இருக்கும்!

அந்தச் சர்டிபிகேட் செய்த வேலையை இங்கே கொஞ்சம் உன்னிப்பாகப் பாருங்கள். அது அவளுக்கு எதையும் கற்றுக் கொடுக்கவில்லை. ஆனால் எங்கள் எல்லோருடைய வாயையும் அடைத்துவிட்டது. படிக்காத ஒரு ஆயா வந்திருந்தால் அக்கா பக்கத்திலேயே நின்றிருப்பாள். வெந்நீரில் தானே கையை விட்டுப் பார்த்திருப்பாள். டாக்டர், "இந்தப் பக்கம் ஜாக்கிரதைம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். தங்கக் கரை போட்ட ஒரு தாள் வந்தது; எல்லோரும் பொறுப்பைக் கழற்றி அதன் மேல் மாட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனோம்.

"நாளைலேர்ந்து வராதே" என்றாள் அக்கா. ரேடியோ மேல் இருந்ததைக் காட்டி, "அதையும் எடுத்துண்டு போ" என்றாள். ஸ்டெல்லா அதைத் தொடவில்லை. கட்டிலருகே போனாள். "நைனா..." என்றாள். அப்படியே போய்விட்டாள்.

சர்க்கரை உடம்பில் புண் ஆறுமா? குடும்ப டாக்டர் களிம்பு போட்டார், ஊசி போட்டார். பொங்கல் வந்தது. வாசல் வரை நடக்க வேண்டியவர் கட்டிலில் கிடந்தார். குதிகால் கறுத்தது. நாற்றம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "பார்க்கலாம்" என்றார் சர்ஜன். ஆஸ்பத்திரியில் 'பார்க்கலாம்' என்பது எவ்வளவு பயங்கரமான சொல் என்று படுத்தவர்களுக்குத் தெரியும்.

அப்போதுதான் நான் தி. நகருக்குப் போனேன். இந்தப் பாடத்தை யார் நடத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்து. கீழே எவர்சில்வர் பாத்திரக் கடை. பக்கத்திலேயே குறுகலான மாடிப்படி. மேலே ஏறினால் ஒரு நீளமான ஹால்... அது ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்! சுவரோரம் வரிசையாக மிஷின்கள், உறை போட்டுத் தூங்கின. காலையிலும் மாலையிலும் டைப்ரைட்டிங். நடுப்பகலில் ஹால் சும்மா கிடக்கிறதே என்று நோயாளிப் பராமரிப்பு. நடுவில் ஒரு பெஞ்சைப் போட்டால் அது கட்டில். பலகையில் காலை வகுப்பின் 'ஏ எஸ் டி எஃப்' அழிக்கப்படாமல் இருந்தது.

பிரின்சிபால் எழுந்து வந்து கை குவித்தார். நெற்றியில் பளிச்சென்று விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா. "வாங்க சார், வாங்க வாங்க. பொண்ணைச் சேர்க்கணுமா? இல்ல, வீட்டுக்கு ஆள் வேணுமா?"

நான் பத்திரிகைக்காரன் என்றும், யாருடைய மைத்துனன் என்றும் சொன்னேன். ஒரு கணம் முகம் சுருங்கியது. அடுத்த கணம் சரியாகிவிட்டது.

"கேள்விப்பட்டேன் சார். மனசு கஷ்டமாயிடுச்சு. அந்தப் பொண்ணை நல்லா கண்டிச்சுட்டேன்."

"எதற்காகக் கண்டித்தீர்கள்?"

"கவனக்குறைவு சார்."

"அவள் கவனமாகத்தான் இருந்தாள். நீங்கள் சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறாள். ஹாட் வாட்டர் பேக் வைக்க எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று காட்ட முடியுமா?"

"தாராளமா!" என்றார். உண்மையிலேயே பெருமையோடுதான் சொன்னார். பெஞ்சில் இருந்த கனகாம்பரப் பெண் காலை நீட்டினாள். இன்னொருத்தி பிளாஸ்கிலிருந்து பையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"பேஷன்ட், சுடுகிறதா?"

"இல்லே."

இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். "பேஷன்ட், சுடுகிறதா?"

"ஐயோ, சுடுதுடி சனியனே!" காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. இப்படித்தான் தினமும் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தது.

"பார்த்தீங்களா சார்? எவ்வளவு கரெக்டா கேட்டு வைக்கறாங்க! பேஷன்ட் போதும்னு சொன்ன அடுத்த செகண்டு எடுத்துடணும். இதுல தப்பு வர சான்சே இல்லை."

"பேஷன்டின் காலில் உணர்ச்சி இல்லாவிட்டால்?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"இல்லாம எப்படி சார்? உயிரோட இருக்கற மனுஷனுக்கு உணர்ச்சி இல்லாம போகுமா?"

எனக்கு வந்த கோபம் அங்கே உறைந்துவிட்டது. இவர் ஏமாற்றுக்காரர் என்று நினைத்துக்கொண்டு படியேறியிருந்தேன். ஏமாற்றுக்காரரை எனக்குப் புரியும். அவருக்கு உண்மை தெரியும், மறைக்கிறார். இவர் மறைக்கவில்லை. இவருக்குத் தெரியவே தெரியாது.

"பாடம் நடத்துவது யார்?"

"ஒரு ரிட்டயர்டு சிஸ்டர் வந்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க மக வீட்டுக்குப் போயிட்டாங்க. இப்ப போன பேட்ச்ல படிச்ச பொண்ணே நடத்துது. நல்லா நடத்துது."

"பரீட்சை?"

"நான்தான் வைக்கறேன்."

"இதுவரை பெயிலானவர்கள்?"

"பெயிலா?" — சிரித்துவிட்டார் மனிதர். "எல்லாம் நல்ல பிள்ளைங்க சார். ஏன் பெயிலாகப் போவுது? டைப்ரைட்டிங்கை எடுத்துக்குங்க, அங்கே நிறைய பெயில் ஆவாங்க. லோயர் கிரேடே ரெண்டு தடவை மூணு தடவை எழுதுவாங்க. அது கவர்மென்ட் பரீட்சை சார். வெளியிலேர்ந்து ஆள் வருவாங்க, மணி அடிச்சா நிறுத்திடணும், பேப்பரை எங்கேயோ வெளியூருக்கு அனுப்பித் திருத்துவாங்க. ஒரு எழுத்துத் தப்பினா மார்க்கு போச்சு. ரொம்பக் கடுமை! இதுல அந்தத் தொந்தரவு எதுவும் இல்லை."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அந்த ஹாலில் சுவரோரம் இருக்கும் மிஷினில் ஒரு பெண் 'எஸ்' அடிக்க வேண்டிய இடத்தில் 'ஏ' அடித்தால், அவளை அரசாங்கம் பெயிலாக்கும். அடுத்த தடவை வா என்று திருப்பி அனுப்பும். ஏன்? தப்பும் தவறுமாக அடிக்கிறவளிடம் ஒரு கடிதத்தை ஒப்படைக்கக் கூடாது! அதே ஹாலின் நடுவில் இருக்கும் பெஞ்சில் ஒரு பெண் எதைக் கற்றாலும், கற்காவிட்டாலும், முதல் வகுப்பு. அவளிடம் மனிதனை ஒப்படைக்கலாம்.

கடிதத்தில் தப்பு வந்தால் ரப்பர் வைத்து அழிக்கலாம், வேறு தாள் சொருகலாம். அத்திம்பேருக்கு வேறு கால் எங்கே சொருகுவது?

இந்த ஊரில் டாக்ஸி ஓட்டவேண்டுமானால் பக்கத்தில் ஒரு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து பார்க்கிறார். டீக்கடை வைக்க லைசென்ஸ் வேண்டும். முழு நர்ஸாக வேண்டுமானால் வருஷக்கணக்கில் படிப்பு, வார்டில் பயிற்சி, பரீட்சை, அப்புறம் பெயரைப் பதிய வேண்டும். ஆனால் நர்ஸ் செய்யும் வேலையில் முக்கால்வாசியை வீட்டிலும் நர்சிங் ஹோமிலும் இன்று யார் செய்கிறார்கள்? ஸ்டெல்லாக்கள்தான். அவர்களுக்கு என்ன விதி இருக்கிறது? விவரம் தெரிந்த ஒரு அதிகாரி நண்பரிடம் கேட்டேன்.

"நர்ஸ்னு போட்டுக்கிட்டா பிடிக்கலாம்பா. உதவியாளர், பராமரிப்பு அப்படின்னு என்னத்தையாவது போட்டுக்கிட்டா யார் என்ன செய்ய முடியும்? போர்டு மாட்டறது அவங்கவங்க இஷ்டம்" என்றார். அப்புறம், "ரொம்ப கெடுபிடி பண்ணினா ஏழைப் பொண்ணுங்க பிழைப்பு போயிடும், அதையும் பார்க்கணும் இல்லையா?" என்று கருணையோடு சேர்த்துக்கொண்டார்.

இந்தக் கருணையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்கிறேன் — ஸ்டெல்லாவின் பிழைப்பை யார் காப்பாற்றினார்கள்? 'வாதம் வந்த பக்கத்தில் சூடு தெரியாது; உன் முழங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு வை, துண்டை எடுக்காதே.' இதைச் சொல்லிக் கொடுக்க எத்தனை நேரம் ஆகும்? நான் இந்த வரியை எழுதிய நேரம்தான். அதைச் சொல்லாமல் வெள்ளைப் புடவை கட்டி அனுப்புவதா ஏழைக்குச் செய்யும் உதவி? அவள் வாங்கிய திட்டு, சாபம், இனி ஆயுசுக்கும் அவள் மனசில் கிடக்கப் போகிற அந்தக் கால்... இதற்கெல்லாம் அந்த நண்பரின் கருணை பதில் சொல்லுமா?

ஆயாக்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? மயிலாப்பூரில் தெருவுக்குத் தெரு, பிள்ளைகளை துர்க்காபூருக்கும் பம்பாய்க்கும் அனுப்பிவிட்டு, ஒருவர் படுத்தால் இன்னொருவரால் தூக்க முடியாத தம்பதிகள் இருக்கிறார்கள். இந்தப் பெண்கள் வராவிட்டால் நாறிப் போவோம். அதனால்தான் கேட்கிறேன். நிஜமான நோயாளி இருக்கும் வார்டில், நிஜமான நர்ஸ் ஒருத்தியின் கண் முன்னால் சில மாதங்களாவது பழகட்டும். திரும்ப முடியாத உடம்பைத் திருப்பட்டும். பேச முடியாதவர் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். பரீட்சையை, பாடத்துக்கு ஃபீஸ் வாங்காத ஒருவர் வைக்கட்டும். அதில் சிலர் பெயிலாகட்டும் ஐயா! பெயிலே ஆகாத பரீட்சை என்ன பரீட்சை? டைப்ரைட்டிங்குக்குக் காட்டும் மரியாதையைக் காலுக்கும் கைக்கும் காட்டுங்கள் என்று கேட்பது அப்படி என்ன பேராசை?

படியிறங்கும்போது பிரின்சிபால் கூடவே வந்தார். அவருக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது.

"சார், இனிமே இந்த மாதிரி வராது. ஹாட் வாட்டர் பேக்கைச் சிலபஸ்லேர்ந்தே எடுத்துடறேன்!"

வெள்ளிக்கிழமை சர்ஜன் எங்களைக் கூப்பிட்டார். பார்க்கலாம் என்பது முடிந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்.

"அப்புறம் நடக்க...?" என்றாள் அக்கா.

"முதல்ல உயிர் தங்கட்டும்மா" என்றார் அவர். கடுமையாகச் சொல்லவில்லை.

அத்திம்பேரிடம் யார் சொல்வது? அக்காதான் சொன்னாள். கட்டிலோரம் உட்கார்ந்து, அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு, "காலை எடுக்கணுமாம்னா" என்றாள். அவர் போர்வைக்குள் துருத்திக்கொண்டிருந்த வலது பாதத்தைப் பார்த்தார். கட்டு போட்டுப் பெரிய பொட்டலமாக இருந்தது. தலையை ஆட்டினார். இல்லை. திட்டமாக, இல்லை. அக்கா பிடித்த கையை விடவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஒருமுறை, ஆமாம் என்று தலையசைத்தார்.

மறுநாள் எடுத்துவிட்டார்கள். எடுத்தது உணர்ச்சி இல்லாத கால்தானே, இன்னொரு கால் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்லலாமா? அந்த வலது காலையும் ஊன்றித்தான் அவர் வாசல் வரை நடந்திருக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். செயற்கைக் கால் என்று ஆரம்பித்தார். வலது கையால் கழியைப் பிடிக்க முடியாத மனிதருக்கு அது ஆகிற காரியமில்லை என்று அவருக்கே தெரியும்.

நேற்று ஆபீசுக்கு போன் வந்தது. பிரின்சிபால்தான். அவருடைய இன்ஸ்டிட்யூட்டின் பெயரைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை, அவர் ஒருவர் பெயரைப் போட்டால் மற்றவர்கள் யோக்கியர்கள் என்றாகிவிடும்.

"ஸ்டெல்லா என்ன செய்கிறாள்?" என்று கேட்டேன்.

"அடையாறுல ஒரு வீட்ல போட்டிருக்கேன் சார். வரமாட்டேன்னு அழுதுது, நான்தான் சமாதானம் பண்ணி அனுப்பினேன்."

"அங்கே என்ன நோயாளி?"

"அதுவும் பக்கவாதம்தான் சார்" என்றார் உற்சாகமாக. "நம்ம பொண்ணுங்கள்லயே இந்தக் கேஸுக்கு இப்ப அவதான் பெஸ்ட். அனுபவம் இருக்கு பாருங்க!"

மறுக்க முடியவில்லை. ஒருத்தி கற்றுக்கொண்டுவிட்டாள். மற்ற பெண்களுக்கு இன்னும் கால் கிடைக்கவில்லை.